மூணாம் வகுப்புக்குப் பண்டம் செய்த டீச்சரக்காவுக்கு

என் பிரியமான ஜெயசீலி டீச்சரக்கா,

முத்துலட்சுமி எழுதுறேன். தையல் மிஷின் முத்து, மல்லிகாவோட அம்மா. உங்ககிட்ட முதல் தடவை பேச்சுக் கொடுத்தப்பவும் இப்படித்தான் சொன்னேன். இப்பவும் வேற எப்படி ஆரம்பிக்கன்னு தெரியலை.

நீங்க போய்ச் சேர்ந்த ஆடி மாசம் முழுக்க இங்க புழுதிக்காத்துதான். ஆனா ஐப்பசி ஏமாத்தலை அக்கா. கண்மாய் பாதிக்கு மேல பெருகிக் கிடக்கு. பருத்தி போட்டவுக முகமெல்லாம் தெளிஞ்சிருக்கு. எனக்கும் தைக்கத் துணி குவிஞ்சு கிடக்கு. ஊருல நாலு காசு புழங்கப் போகுதுன்னா முதல்ல ஜாக்கெட் துணிதான் வரும்னு நீங்க கேலி பண்ணுவீங்களே, அது நிசம்தான்.

இந்தச் சேதியெல்லாம் உங்களுக்கு எட்டுமா? எட்டும்னு நம்பித்தான் எழுதுறேன்.

உங்களை நினைச்சா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது உங்க நடைதான். அருப்புக்கோட்டையில இருந்து காலை பஸ்ஸு வந்து நிக்கும். வயர் கூடையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, கரிசல் மண்ணு செருப்புல அப்பிக்கிட்டு வர, யாரையோ சண்டைக்குக் கூப்பிடப் போற மாதிரி விறுவிறுன்னு வருவீங்க. எதிர்ல வாரவுக தானா ஒதுங்குவாக. ஆனா அந்தக் கூடைக்குள்ள என்ன இருக்கும்? கோதுமை மாவு, எள்ளு, கருப்பட்டி, பவுடர் டப்பாத் தகரத்தை வளைச்சு அடிச்ச அச்சு.

உங்க வீட்டுச் சோறு வாயில வைக்க விளங்காதுன்னு நீங்களே சொல்வீங்க. "எங்க வீட்டுக்காரரு குழைஞ்ச சோத்தைத் தின்னு தின்னே பொறுமைசாலி ஆயிட்டாரு முத்து" என்பீங்க. ஆனா பிள்ளைகளுக்குப் பண்டம்னு உட்கார்ந்துட்டா அந்தக் கைக்கு எங்க இருந்துதான் அந்தப் பக்குவம் வருமோ.

தீபாவளிக்கு ஒல்லியா முறுக்குக் குச்சி பிழிஞ்சு, நுனியைக் கருப்பட்டிப் பாகுல முக்கி, எள்ளுல புரட்டி எடுத்தா அதுதான் கம்பி மத்தாப்பு. பொங்கலுக்குப் பொரிகடலை மாவை வெல்லத்தோட பிசைஞ்சு நீளமா உருட்டி, நூலால அங்கங்க அழுத்தினா கணு கணுவாக் கரும்பு. ரம்ஜானுக்கு டப்பா மூடியால வட்டமா வெட்டின மாவை அதே மூடியால இன்னொரு வெட்டு வெட்டினா பிறை. கிறிஸ்மசுக்கு நட்சத்திரம். பிள்ளைகதான் உருட்டும், பிள்ளைகதான் வெட்டும். மத்தியானச் சோறு ஆக்கி முடிச்ச சத்துணவு அடுப்புல நீங்க நின்னு பொரிச்சு எடுப்பீங்க.

"எதுக்கு டீச்சர் இந்த மெனக்கேடு?"ன்னு ஒரு நாள் கேட்டேன். "எல்லா வீட்டு அடுப்புலயும் பண்டிகைக்கு எண்ணெய் காயாது முத்து. இங்க காய்ஞ்சா எல்லாப் பிள்ளைக்கும் உண்டுல்ல" என்றீங்க. மழையில்லாத வருஷம் அது. அந்தத் தீபாவளிக்கு எத்தனையோ வீட்டுப் பிள்ளைக உங்க மத்தாப்பை மட்டுந்தான் தின்னுச்சுக.

மல்லிகா மூணாம் வகுப்புக்குப் போக வேண்டிய கோடையிலதான் எங்க வீட்டுல இடி விழுந்துச்சு. பிள்ளை பானைத் தண்ணியைக் குடிச்சுக்கிட்டே இருந்தா. குடிச்சதெல்லாம் ஒண்ணுக்காப் போனா. பாவாடை இடுப்புல நிக்கலை. நான் பிடிச்சுத் தைக்கத் தைக்க மறுபடி வழுகுது. யாரோ சொன்னாகன்னு மந்திரிச்சுக் கயிறு கட்டினோம். கடைசியில மயங்கி விழுந்தவளைத் தூக்கிக்கிட்டு மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். சீனி வியாதின்னாக. எட்டு வயசுப் பிள்ளைக்குச் சீனி வியாதியா? வயசானவுகளுக்கு வாரதுன்னுதானே அதுவரைக்கும் எல்லாரும் நினைச்சிருந்தோம். தினமும் ஊசி, ஆயுசு பூரா ஊசின்னு டாக்டர் சொன்னப்ப எங்க வீட்டுக்காரர் வராண்டாவுல குத்த வச்சு உட்கார்ந்தவர் ரொம்ப நேரம் எந்திரிக்கவே இல்லை.

நான் ஊசி போடக் கத்துக்கிட்டேன். கண்ணாடி ஊசியைக் கொதிக்க வச்சு எடுக்கணும். மருந்தை ஈரமணல் பானைக்குள்ள வச்சுக் காப்பாத்தணும். துணியில ஊசி ஏத்துற கை அக்கா இது. பிள்ளை தொடையில ஏத்தறதுக்கு முன்னால மூணு தடவை எண்ணிக்கிடுவேன்.

பள்ளிக்கூடம் திறந்ததும் உங்ககிட்ட வந்து, "டீச்சர், பண்டிகைக்குப் பண்டம் செய்யுற நாள்ல மல்லிகாவை நான் அனுப்பலை. அவ பார்த்து ஏங்கிப் போவா"ன்னு சொன்னேன். ஐயோ பாவம்னு நீங்க சொல்லலை. அதுக்குள்ள ஐயோ பாவம் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போயிருந்துச்சு. நீங்க கேட்டது வேற.

"ஊசி எப்பப் போடுவ? போட்டு எவ்வளவு நேரத்துல சாப்பிடணும்? பிள்ளை வகுப்புல இருக்கையில நான் என்ன பார்க்கணும்?"

எனக்கே பாதிதான் தெரிஞ்சிருந்துச்சு. அடுத்த தடவை அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போனப்ப நீங்களும் லீவு போட்டுட்டுக் கூட வந்து நின்னீங்க. டாக்டரம்மா, "நீங்க யாரு?"ன்னு கேட்டாக. "நான் இவ டீச்சர். கிறிஸ்மசுக்கு இவ என்ன திங்கலாம்னு கேக்க வந்தேன்" என்றீங்க. அந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, நல்லா விளங்குற மாதிரி சொன்னாக. "எல்லாத்தையும் அளவா, நேரத்துக்குத் தின்னலாம். இனிப்பு வேண்டாம். ஆனா ஊசி போட்டபிறகு வயிறு காயக்கூடாது. காய்ஞ்சா உடம்புல சீனி ஒரேயடியா இறங்கிரும். வேர்த்து, நடுங்கி, கிறங்கினா யோசிக்காதீங்க. உடனே சீனியைக் கொடுங்க."

"சீனி வியாதிக்குச் சீனியா?"ன்னு நான் வாயைப் பொளந்தேன். நீங்க அதைத் திருப்பித் திருப்பி நாலு விதமாக் கேட்டு நிச்சயம் பண்ணிக்கிட்டீங்க. பஸ்ஸுல வாரப்பவும் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி உங்க உதடு அசைஞ்சுக்கிட்டே வந்துச்சு.

அந்தத் தீபாவளிக்கு நீங்க யாரையும் கேட்காம ஒரு முடிவு பண்ணீங்க. ஒரு பிள்ளை தின்ன முடியாத பண்டத்தை என் வகுப்புல செய்ய மாட்டேன். எல்லாருக்கும் உப்பு மத்தாப்புதான். நுனியில பாகுக்குப் பதிலா மிளகாப்பொடி. எனக்கு அன்னிக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. ஆனா சாயங்காலம் வீட்டுக்கு வந்த மல்லிகா பையை மூலையில எறிஞ்சுட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கிட்டா.

"என்னத்தா, யாரு என்ன சொன்னாக?"

"எல்லாரும் என்னையவே பாக்குறாக. உன்னாலதான் எங்களுக்கு இனிப்பு மத்தாப்பு இல்லேங்குறாக. இனி நான் பள்ளிக்கூடத்துக்கே போகலை."

மறுநாள் நீங்களே வீடு தேடி வந்தீங்க. நான் முக்காலியை எடுத்துப் போடுறதுக்குள்ள தரையில அவ பக்கத்துல உட்கார்ந்துட்டீங்க. "மல்லி, உனக்கு நல்லது பண்றேன்னு நினைச்சு உன்னைத் தனியா நிறுத்திட்டேன். அதை விடு. கிறிஸ்மஸ் வருது. நீ சொல்லு, என்ன செய்யலாம்?"

என் மகள் குனிஞ்சுக்கிட்டா. தரையில விரலால கோடு போட்டுக்கிட்டே இருந்தா. அப்புறம் சொன்னா: "எல்லாருக்கும் இனிப்பு நட்சத்திரமே போடுங்க டீச்சர். கூட உப்பு நட்சத்திரமும் போடுங்க. எல்லாரும் ரெண்டும் திங்கட்டும். நான் உப்பு மட்டும் திங்குறேன். ஆனா அச்சை என்கிட்டத்தான் தரணும். நட்சத்திரம் எல்லாம் நான்தான் வெட்டுவேன்."

"எல்லாமேவா? கை வலிக்கும்டி."

"வலிக்கட்டும்."

நீங்க என்னைப் பார்த்தீங்க, நான் உங்களைப் பார்த்தேன். பெரியவுக ரெண்டு பேரும் அத்தனை மண்டையை உடைச்சும் தோணாத வழியை அந்தச் சின்னது சொல்லிருச்சு. அவளுக்கு இனிப்பு முக்கியமில்லை அக்கா. அந்தக் கூட்டத்துல தனக்கு ஒரு வேலை இருக்கணும். அவ்வளவுதான்.

அரைப் பரீட்சை முடிஞ்ச அன்னிக்குக் கிறிஸ்மஸ் விழா. முந்தின நாள் மத்தியானமே வகுப்புல மாவு பிசைஞ்சு, மல்லிகா முட்டி போட்டு உட்கார்ந்து நட்சத்திரமா வெட்டித் தள்ளினா. வெட்டினதை மத்த பிள்ளைக தட்டுல தூக்கிட்டுப் போய் உங்ககிட்டக் கொடுத்துச்சுக. வீட்டுக்கு வந்தப்ப புருவத்துலகூட மாவு. என்கிட்டப் பேச நேரமில்லை அவளுக்கு. மறுநாள் நாடகத்துல வேற அவளுக்கு ஆட்டு வேஷம். கம்பளிக்கு எங்க போக? வெடிச்ச பருத்தியை ஒரு பழைய சட்டை பூரா ஒட்டித் தைச்சுக் கொடுத்தேன்.

காலையில ஊசி போட்டேன். ரெண்டு இட்லி வச்சேன். அந்தப் பரபரப்புல ஒண்ணைப் பிட்டுப் போட்டுட்டு, "போதும்மா, அங்க திங்கத்தான் போறோம்"னு ஓடிட்டா. விழா பத்து மணிக்கு. பத்தரைக்குப் பண்டம் கொடுத்துருவீங்க. சரிதான்னு நானும் விட்டுட்டேன்.

ஆனா விழாவுக்கு டவுனுல இருந்து ஒரு பெரிய மனுஷர் வாரதா இருந்துச்சு. அவர் மெழுகுவத்தி ஏத்தாம எதையும் தொடக்கூடாதுன்னு ஹெட்மாஸ்டர் சார் சொல்லிட்டாராம். பத்து போச்சு, பதினொண்ணு போச்சு. ஜீப்பைக் காணோம். நீங்க ரெண்டு தடவை போய், "சார், பிள்ளைக பசியா இருக்கு, பண்டத்தையாவது கொடுத்துருவோம்"னு கேட்டிருக்கீங்க. "கொஞ்சம் பொறுங்க டீச்சர், வந்துருவாக" என்றாராம். அதுக்குள்ள சும்மா இருக்க வேண்டாம்னு நாடகத்தை ஆரம்பிச்சாச்சு. மேய்ப்பன் கம்போட வந்தான். ஆடுக தவழ்ந்து வந்துச்சுக. அதுல ஒரு ஆடு அப்படியே ஒருச்சாய்ச்சுப் படுத்துருச்சு. பிள்ளைக எல்லாம் கைதட்டிச் சிரிச்சுச்சுகளாம்.

நீங்க மட்டும் சிரிக்கலை.

ஒரு பிள்ளை ஓடி வந்து கூப்பிட்டுச்சு. மிஷினை விட்டு எந்திரிச்சு ஓடினேன் அக்கா; கழுத்துல தொங்குன அளவு டேப்போட ஓடினேன். கூட்டத்தை விலக்கிட்டுப் பார்த்தா, உங்க மடியில என் பிள்ளை. நெத்தியெல்லாம் வேர்வை. கை வெட்டி வெட்டி இழுக்குது. கண்ணு பாதி திறந்திருக்கு, ஆனா என்னைப் பார்க்கலை. உங்க பக்கத்துல, இனிப்பு நட்சத்திரத்துக்குக் காய்ச்சி மிஞ்சின பாகுச் சட்டி. உங்க விரல்ல கருப்பட்டிப் பாகு.

ஹெட்மாஸ்டர் சார் தலையில கை வச்சுக்கிட்டுக் கத்துறாரு. "டீச்சர், என்ன காரியம் பண்றீங்க? சீனி வியாதிக்காரப் பிள்ளைக்குப் பாகா? ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" பின்னால ஒரு அம்மா, "வேண்டாம்த்தா, பிள்ளையைக் கொன்னுபோடாதீக"ன்னு அழுகுறாக. யாரோ உங்க கையைப் பிடிச்சு இழுக்கக்கூடச் செஞ்சாக.

நீங்க நிமிர்ந்து என்னை மட்டும் பார்த்தீங்க.

"முத்து, காலையில ஊசி போட்டியா?"

"போட்டேன் டீச்சர்."

"சாப்பிட்டாளா?"

"ஒரு இட்லிகூட முழுசாத் திங்கலை டீச்சர்."

"அப்ப இறங்கித்தான் போயிருக்கு. கொடுக்கவா?"

அந்த ஒரு நொடி. ஊரே ஒரு பக்கம். ஆனா டாக்டரம்மா முன்னால அதே கேள்வியை நாலு விதமாக் கேட்ட உங்க முகம் எனக்கு ஞாபகம் வந்துச்சு. "கொடுங்கக்கா"ன்னேன். அதுவரைக்கும் உங்களை டீச்சர் டீச்சர்னே கூப்பிட்டுக்கிட்டு இருந்த நான் அக்கான்னு கூப்பிட்டது அன்னிக்குத்தான். யோசிச்சுக் கூப்பிடலை. தானா வந்துச்சு.

நீங்க விரலால பாகை எடுத்து அவ கன்னத்துக்கு உள்பக்கமாத் தடவினீங்க. முழுங்குறாளான்னு தொண்டையைப் பார்ப்பீங்க, மறுபடி தடவுவீங்க. நான் அவ காலைப் பிடிச்சுத் தேய்ச்சுக்கிட்டே இருந்தேன். உங்க உதடு அசையுது. செபம் பண்ணுனீங்களா, டாக்டரம்மா சொன்னதை ஒப்பிச்சுக்கிட்டு இருந்தீங்களா? கேட்கணும் கேட்கணும்னு இருந்தேன். கேட்கவே இல்லை.

கொஞ்ச நேரத்துல நடுக்கம் அடங்குச்சு. கண்ணு சுழன்று வந்து என்மேல நின்னுச்சு. அப்புறம் உங்க முகத்தைப் பார்த்தா. நாக்கால உதட்டைத் துழாவினா.

"டீச்சர்... இனிப்பு குடுத்துட்டீங்க" என்றா, ரொம்பக் கோவமா.

நீங்க சிரிச்சீங்க. சிரிச்சுக்கிட்டே இருந்தவுக அப்படியே அவ பருத்திச் சட்டையில முகத்தைப் புதைச்சு அழுதுட்டீங்க. ஊரையே ஒதுங்க வச்சு நடக்குற மனுஷியை அன்னிக்குத்தான் எல்லாரும் அப்படிப் பார்த்தாக. நிமிர்ந்தப்ப உங்க மூக்கு நுனியில பஞ்சு. அதைப் பார்த்து முதல்ல சிரிச்சதும் மல்லிகாதான்.

அப்பத்தான் வந்து சேர்ந்துச்சு அந்த ஜீப்பு. பெரிய மனுஷருக்குப் போட வச்சிருந்த மாலை மேசையிலயே கிடந்துச்சு. நீங்க நேரா டிரைவர்கிட்டப் போய், "ஆஸ்பத்திரிக்கு விடுங்க" என்றீங்க. அந்த மனுஷரும் பாவம், மறு பேச்சு பேசாம இறங்கி நின்னுக்கிட்டாரு. ஜீப்புல வச்சு உப்பு நட்சத்திரம் ஒண்ணை நீங்க பிட்டுப் பிட்டு ஊட்ட, அவ மென்னுக்கிட்டே வந்தா.

டாக்டரம்மா எல்லாம் பார்த்துட்டு, "சீனி கொடுத்தது யாரு?"ன்னு கேட்டாக. நீங்க வாத்தியார் முன்னால நிக்கிற பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கிட்டு, "நான்தான் மேடம்" என்றீங்க. "நீங்க கொடுக்காம தூக்கிட்டு ஓடி வந்திருந்தா வழியிலயே பிள்ளை கையை மீறிப் போயிருக்கும்" என்றாக. அந்த வார்த்தையை இன்னிக்கு எழுதறப்பவும் எனக்கு மேல் சிலிர்க்குது.

ஆனா அதோட எல்லாம் நல்லபடியா முடிஞ்சுருச்சா? இல்லையே. ஹெட்மாஸ்டர் சார் கெட்டவர் இல்லை, பயந்துட்டாரு. இனிமே பள்ளிக்கூடத்துல பண்டமே கூடாதுன்னுட்டாரு. பொங்கல் வந்துச்சு, கரும்பு உருட்டலை. வகுப்புல மறுபடி முணுமுணுப்பு. நீங்களும் ஒரு மாதிரி சோர்ந்து போனீங்க. "விடு முத்து, நமக்கு எதுக்கு வம்பு" என்றீங்க. உங்க வாயில அந்த வார்த்தையைக் கேட்க எனக்குச் சகிக்கலை.

நான் போனேன் அக்கா அவர்கிட்ட. இதை உங்ககிட்ட முழுசாச் சொன்னதே இல்லை. எங்க வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டுப் போனேன். அவர் வாசல்லயே நின்னுட்டாரு. நான் உள்ள போய், "சார், எம்பிள்ளை பண்டம் தின்னு விழலை. திங்காம விழுந்தா. பசியில விழுந்தா"ன்னேன். அழுகை வந்துருச்சு. அவர் கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சாரு. அப்புறம், "எனக்கும் பேத்தி இருக்கும்மா. அன்னிக்குப் பூரா எனக்குச் சோறு இறங்கலை" என்றாரு. மறு வாரம் அவரே பிரேயர்ல சொன்னாரு: இனி எந்த விழாவானாலும் விருந்தாளி வந்தாலும் வராட்டாலும் பிள்ளைக நேரத்துக்குச் சாப்பிட்டுரணும், பெரியவுக வந்து மிச்சத்தைச் சாப்பிட்டுக்கிடட்டும். நீங்க வகுப்புக்குள்ள ஓடி, கதவுக்குப் பின்னால நின்னு வாயைப் பொத்திச் சிரிச்சதை மல்லிகா வீட்டுல வந்து நடிச்சே காட்டினா.

அந்த ரம்ஜானுக்குப் பிறை வெட்டினீங்க. அவ அஞ்சாம் வகுப்பு முடிக்கிற வரைக்கும் ஒரு பண்டிகை தப்பலை. அதுக்கப்புறம் உங்களுக்குத் திருச்சுழிப் பக்கம் மாத்தல் வந்துச்சு. ரெண்டு பஸ்ஸு மாறிப் போகணும்னு சலிச்சுக்கிட்டே போனீங்க. ஆனா அங்கயும் கூடையைத் தூக்கிட்டுத்தான் போனீங்கன்னு கேள்விப்பட்டேன்.

மதுரை ஆஸ்பத்திரியில உங்களைக் கடைசியாப் பார்க்க வந்தப்ப, கட்டில்ல நீங்க எம்மாம் சின்னதாத் தெரிஞ்சீங்க. நான் அழக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். உங்களுக்கு வந்த நோயைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை நீங்க. "மல்லி பிளஸ் டூவுல என்ன குரூப்பு? மத்தியானம் நேரத்துக்குத் திங்குறாளா?" இதான் கேட்டீங்க. உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே இருந்தேன். பாதியில தூங்கிட்டீங்க. நான் நிறுத்தலை.

இப்ப மிச்சத்தைச் சொல்றேன். மல்லிகா நல்லா இருக்கா. அருப்புக்கோட்டைக்குத் தினமும் பஸ்ஸுல போறா. ஊசியைத் தானே போட்டுக்கிடுறா. நான் எட்டிப் பார்த்தாலே முறைக்கிறா. கணக்குல கெட்டி. காலேஜுல கணக்குத்தான் படிப்பாளாம். எங்க வீட்டுக்காரர், "பொம்பளைப் பிள்ளை, இந்த உடம்போட"ன்னு இழுத்தார். "இந்த உடம்போடத்தானப்பா இவ்வளவு தூரம் வந்தேன்" என்றா.

போன வாரம் ஒரு பொண்ணு என்னைத் தேடி வந்தா. பரளச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரு. பேரு ராஜாத்தி. ஒண்ணாம் வகுப்புப் படிக்கிற மகனுக்கு மல்லிகாவுக்கு வந்த அதே வியாதி. ஆஸ்பத்திரியில யாரோ என் பேரைச் சொல்லி அனுப்பியிருக்காக. வந்து உட்கார்ந்ததுமே அழுதா. தண்ணி கொடுத்து, அழுது முடிக்கட்டும்னு இருந்தேன். அப்புறம் சொன்னா: "பள்ளிக்கூடத்து விழா அன்னிக்குப் பிள்ளையை அனுப்பாதேங்குறாக அக்கா. அவன் தின்னுட்டு ஏதாவது ஆனா எங்களால பார்க்க முடியாதுங்குறாக. அவன் ஒரு பாட்டுக்கு ஆடுறான். சட்டை எல்லாம் எடுத்தாச்சு. நான் என்னன்னு சொல்லி அவனை வீட்டுல நிறுத்த?"

அவகிட்ட நான் ஐயோ பாவம்னு சொல்லலை அக்கா. ஊசி எப்பப் போடுறன்னு கேட்டேன்.

திங்கக்கிழமை அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போறேன். அங்க இருக்கிற டீச்சர் சின்ன வயசாம், இப்பத்தான் வேலைக்கு வந்திருக்காகளாம். அவுகளும் பயந்துதான் போயிருப்பாக. அவுகளை அப்படியே அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போகலாம்னு இருக்கேன். டாக்டர் வாயாலயே கேட்டாத்தான் மனசுல தைரியம் வரும். உங்களை மாதிரி எனக்குப் பேச வராது. எட்டாவதோட நிறுத்தினவ நான்.

மல்லிகாகிட்டச் சொன்னேன். "நானும் வாரேம்மா" என்றா.

"உனக்கு ஸ்கூல் இல்லையா?"

"லீவு போட்டுக்கிடுறேன். நீ தனியாப் போனா பாதியில அழுதுருவ. நான் பேசுறேன். அந்தப் பையனும் என்னையப் பாக்கட்டும்."

அக்கா, உங்களுக்கு இந்த வாக்கைத் தாரேன். அந்தப் பையன் ஆடுவான். ஆடி முடிச்சு மத்த பிள்ளைகளோட சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவனுக்கு உள்ளதை அவன் திம்பான். திங்கக்கிழமை நடக்கலைன்னா செவ்வாய்க்கிழமையும் போவேன். அவுக கதவைச் சாத்தினா வேப்பமரத்தடியில உட்கார்ந்துக்கிட்டு, பள்ளிக்கூடம் விட்டதும் மறுபடி கேட்பேன். விழா அன்னிக்கு ராஜாத்தி பக்கத்துல நான் இருப்பேன். அவன் ஆடுறதைப் பார்த்துட்டு வந்து உங்களுக்குச் சொல்றேன்.

கூடப் பிறக்காட்டியும்
உங்க தங்கச்சி,
முத்து